ஆமை புகுந்த வலையும் அமீனா புகுந்த கடலும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும். சும்மா சொல்லல. சோழவந்தான் பக்கம் எங்க ஊர்ல கண்மாய் நிறைஞ்ச ஒரு ஐப்பசி மாசம், உள்ளங்கை அகலத்துல ஆமை ஒண்ணு வாசப்படி ஏறி அடுப்படி வரைக்கும் வந்துருச்சு. அப்பத்தா போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. தாத்தா ஒண்ணும் பேசாம அதைத் துண்டுல சுருட்டிக் கொண்டுபோய் கண்மாய்லயே விட்டுட்டு வந்தாரு. "அமீனான்னா யாரு தாத்தா?"ன்னு கேட்டேன். கோர்ட்டு உத்தரவைத் தூக்கிட்டு வந்து அண்டா குண்டா வரைக்கும் ஜப்தி பண்ற ஆளுன்னு சொன்னாரு. ஆமைக்கும் அமீனாவுக்கும் என்ன சம்பந்தம், சும்மா மோனைக்காகச் சேர்த்திருப்பாங்கன்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சம்பந்தம் இருக்கு மக்களே! ஆமையும் அமீனாவும் ஒண்ணா ஒரே இடத்துக்குள்ள புகுந்த கதை நிஜமாவே நடந்திருக்கு. புகுந்த இடம் வீடு இல்ல, நம்ம ஊரு இறால் வலை. அமீனா வந்தது ஜெனீவாவிலிருந்து. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

*

பொட்டி தட்டுற பிழைப்பு என்னை மதுரையிலிருந்து கிளப்பி சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில கொண்டுவந்து போட்டிருக்கு. 2025 ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நீலாங்கரை பக்கம் கடற்கரையில நடக்கப் போனேன். அரை மணி நேர நடையில நாலு ஆமை. நாலும் செத்தது. கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி, ஒவ்வொண்ணும் ஒரு அண்டா மூடி அகலம். முதல் ஆமையைப் பார்த்தப்ப போட்டோ எடுத்தேன். நாலாவதைப் பார்த்தப்ப போனைப் பையில போட்டுட்டேன்.

அந்த மாசம் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகள்ல ஒதுங்கின செத்த ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல. உயர் நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் தாங்களாவே விஷயத்தைக் கையில எடுத்தாங்க. பிரேதப் பரிசோதனையில, தண்ணிக்குள்ள மூச்சுத் திணறிச் செத்ததுக்கான அடையாளம் தெரியுதுன்னு செய்தி வந்தது. கடல்லயே வாழற ஜீவன் தண்ணிக்குள்ள மூச்சுத் திணறுமா? திணறும். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மளை மாதிரி நுரையீரல்தான். அப்பப்ப மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போகணும். கடலடியில இழுத்துக்கிட்டுப் போற வலைக்குள்ள மாட்டி ஒரு மணி நேரம் தாண்டிச்சுன்னா பிழைக்கிறது கஷ்டம். நம்ம பக்கம் ஒரு இழுப்பு ரெண்டு மூணு மணி நேரம் கூடப் போகும்.

இது பங்குனி ஆமை. தையிலிருந்து பங்குனி வரைக்கும் நம்ம கரைக்கு முட்டையிட வரும். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. சென்னையில 1970கள்லயே பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவங்க ராத்திரி ராத்திரியா கரையில நடந்து இந்த முட்டைகளைச் சேகரிச்சு, பாதுகாத்து, குஞ்சு பொரிச்சதும் கடல்ல விட ஆரம்பிச்சாங்க. 1988லிருந்து மாணவர்கள் ஒரு அமைப்பா சேர்ந்து அந்த வேலையை எடுத்துக்கிட்டாங்க. வனத்துறையும் செய்யுது. நல்ல வேலைதான், சந்தேகமே இல்ல.

ஆனா கணக்குப் போடுற புத்தி சும்மா இருக்குமா? குஞ்சு ஆயிரத்துல ஒண்ணுதான் வளர்ந்து பெரிய ஆமையாகும்னு பொதுவா சொல்லுவாங்க. அப்படின்னா வலையில சாகிற ஒரு பெரிய ஆமையை ஈடுகட்ட ஆயிரம் குஞ்சு வேணும், அதாவது பத்து கூடு. அந்த ஒரு மாசத்துல ஒதுங்கின ஆயிரம் ஆமைக்குப் பத்து லட்சம் குஞ்சு. அதுவும் வளர்ந்து முட்டையிட வர பத்து வருஷத்துக்கு மேல ஆகும். கரையில எத்தனை கூடு காப்பாத்தினாலும், வலையில ஓட்டை இருக்கிற வரைக்கும் குடத்துல தண்ணி நிக்காது.

தப்பாச் சொல்லிட்டேன். வலையில ஓட்டை *இல்லாததுதான்* பிரச்சினை :-) அந்த ஓட்டையோட வரலாறுதான் இந்தப் பதிவு.

*

முதல்ல ஒண்ணு சொல்லணும். ஆமை வலையில 'தெரியாம' மாட்டுறதுங்கிறதே நம்ம கடல்ல புதுக் கதை. அதுக்கு முன்னாடி தெரிஞ்சேதான் பிடிச்சாங்க. மன்னார் வளைகுடாவுலயும் பாக் நீரிணையிலயும் பேராமையைப் பிடிக்கன்னே பெரிய கண்ணி வச்ச வலை இருந்தது. தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன் பக்கம் கறிக்காகப் பிடிச்சாங்க, இலங்கைக்கும் உயிரோட கப்பல்ல போச்சு. தூத்துக்குடியில ஆமை ரத்தத்தை மருந்துன்னு சுடச்சுடக் குடிச்சவங்க உண்டு. இதுக்கு நேர்மாறா, ஆமையைக் 'குட்டியாண்டவர்'னு கும்பிட்டு, மாட்டினா விட்டுடற மீனவர்களும் இதே தமிழ்நாட்டுக் கரையில உண்டு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள கடலாமைகள் அதோட முதல் அட்டவணைக்குப் போயிருச்சு. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். ஆமை வேட்டை மெல்ல அடங்கிச்சு.

அது அடங்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வளர்ந்துக்கிட்டு இருந்தது. 1952ல இந்தியா, நார்வே, ஐ.நா. மூணும் ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கத்துல ஒரு மீன்பிடித் திட்டம் ஆரம்பிச்சாங்க. மீனவர்களுக்கு எந்திரப் படகு கொடுக்கிறதுதான் நோக்கம். அதுல இறால் பெரிய ஏற்றுமதிச் சரக்காயிருச்சு. இறால் கடலடித் தரையில இருக்கும். அதைப் பிடிக்கணும்னா தரையோட தரையா வலையை இழுக்கணும். அதுதான் இழுவலை. இறாலோட கூட என்னென்ன அங்க இருக்கோ அத்தனையும் மடிக்குள்ள வரும். தமிழ்நாட்டுலயும் விசைப்படகுகள் பெருகிச்சு. கட்டுமரக்காரங்களுக்கும் விசைப்படகுக்காரங்களுக்கும் 1970கள்ல அடிதடி, படகு எரிப்பு வரைக்கும் போச்சு. 1983ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு. அது மீனவனுக்கும் மீனவனுக்கும் நடந்த சண்டைக்குத் தீர்வு. ஆனா முட்டையிட வர்ற ஆமையும் கரையோரந்தான் கூடும். அந்த மூணு மைல் விதியை ஒழுங்கா மதிச்சிருந்தாலே பாதி ஆமை பிழைச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

*

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம் (விசா தேவையில்ல, பயப்படாதீங்க).

ஜார்ஜியா மாநிலத்துல சிங்கி பூன்னு ஒரு இறால் மீனவர். அவருக்கு ஆமையைப் பத்தி அப்ப கவலையே இல்ல. சொறி மீன் தான் தலைவலி. பந்து பந்தா வலைக்குள்ள வந்து மடியை நிரப்பிரும், இறால் நசுங்கிரும். 1960களோட கடைசியில அவரே ஒரு வழி பண்ணினார். வலையோட கழுத்துல, மடிக்குக் கொஞ்சம் முன்னாடி, கம்பிச் சட்டம் ஒண்ணைச் சாய்வா வச்சார். ஜன்னல் கம்பி மாதிரி. இறால் கம்பி இடுக்குல நுழைஞ்சு மடிக்குப் போயிரும். பெருசா இருக்கிறது கம்பியில மோதி, சரிவுல வழுக்கி, வலையில வெட்டி வச்ச கதவு வழியா வெளிய போயிரும். சொறி மீனுக்குச் செஞ்ச கதவு ஆமைக்கும் சரியாப் பொருந்திச்சு.

ஆமைக்கு அது அவசரமாவும் தேவைப்பட்டது. மெக்சிகோவுல ராஞ்சோ நுவேவோங்கிற கரையில 1947ல ஒரே நாள்ல சுமார் 40,000 கெம்ப்ஸ் ரிட்லி ஆமைகள் முட்டையிட ஏறினதைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. நம்ம பங்குனி ஆமைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி அது. 1985ல அந்த வருஷம் முழுக்க எண்ணின கூடு 702. காரணத்தைத் தேடின அமெரிக்க ஆய்வுக் குழு 1990ல அறிக்கை கொடுத்தது: மனுஷன் பண்ற மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் இறால் இழுவலை கொல்ற அளவு ஆமையைக் கொல்லலைன்னு.

அமெரிக்க அரசு தானே ஒரு 'ஆமை விலக்கி' செஞ்சது. ஆங்கிலச் சுருக்கம் டி.இ.டி. ('டெட்'னு சேர்த்துப் படிச்சிராதீங்க, அர்த்தமே மாறிரும்!) முதல்ல வந்தது பெரிய கூண்டு மாதிரி கனமான சாமான். மீனவர்கள் தொடவே இல்ல. 1987ல கட்டாயம்னு விதி வந்தது. 1989 ஜூலையில டெக்சாஸ், லூசியானா மீனவர்கள் படகுகளைக் குறுக்க நிறுத்தித் துறைமுக வாயையே அடைச்சாங்க. அரசு கொஞ்ச நாள் பின்வாங்கிட்டு மறுபடி கட்டாயமாக்கிச்சு. கவனிங்க, ஒரு மீனவன் தன் தேவைக்குத் தானே கண்டுபிடிச்ச சாமானை, ஆபீஸ் உத்தரவா வந்ததும் மீனவர்களே எதிர்க்கிறாங்க.

"எங்களுக்கு மட்டுந்தானா? வெளிநாட்டு இறாலுக்கு இல்லையா?"ன்னு அவங்க கேட்டது நியாயமான கேள்வி. அதே 1989ல பொதுச் சட்டம் 101-162ல 609ங்கிற பிரிவு வந்தது. ஆமையைக் காப்பாத்தாத வலையில பிடிச்ச இறால் அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாது. ஆரம்பத்துல கரீபியன், மேற்கு அட்லாண்டிக் நாடுகளுக்கு மட்டும். அவங்களுக்கு மூணு வருஷம் அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தாங்க. 1995 டிசம்பர் கடைசியில அமெரிக்க வர்த்தக நீதிமன்றம், உலகம் முழுக்க இது பொருந்தும், 1996 மே 1லிருந்து அமல்னு தீர்ப்பு சொன்னது. நமக்குக் கிடைச்ச அவகாசம் நாலு மாசம்!

அமீனா வந்தாச்சு.

*

1996 அக்டோபர்ல இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்புக்குப் போனாங்க. (இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்ன அபூர்வமான வழக்கு, ஆமை புண்ணியம்.) தாய்லாந்து அப்பவே ஆமை விலக்கி மாட்டிச் சான்றிதழும் வாங்கியிருந்தது. இருந்தாலும் "நீ யாரு எங்க வலையைச் சொல்ல?"ங்கிற கேள்விக்காகச் சேர்ந்துக்கிட்டது.

இந்த வழக்குல எனக்கு ரொம்ப உறுத்தின இடம் ஒண்ணு. வர்த்தக விதிகள்ல 'தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களை'க் காப்பாத்த ஒரு விலக்கு உண்டு. அமெரிக்கா அதைக் காட்டிச்சு. அதுக்கு நம்ம தரப்பு வாதம்: தீர்ந்துபோறதுன்னா கனிமம் மாதிரி சமாச்சாரம், ஆமை குட்டி போட்டுப் பெருகுற உயிர், அது எப்படித் தீரும்? ராஞ்சோ நுவேவோ கணக்கைப் படிச்சப்புறம் இந்த வாதத்தைப் படிக்கக் கஷ்டமா இருந்தது. மேல்முறையீட்டு அமைப்பும் ஏத்துக்கல. உயிரும் தீரும்னு சொல்லிருச்சு.

1998 அக்டோபர் 12ல தீர்ப்பு. எனக்கு அப்ப வயசு ஒண்ணு. "ஆமை வழக்குல அமெரிக்காவை ஜெயிச்சோம்"னு சொல்றவங்க உண்டு, அது பாதி உண்மை. ஆமையைக் காப்பாத்த இறக்குமதியைத் தடுக்கிறது கொள்கையா தப்பில்ல, ஆனா அமல்படுத்தின விதம் பாரபட்சம்னுதான் தீர்ப்பு. அவங்களுக்கு மூணு வருஷம், இவங்களுக்கு நாலு மாசம். அங்க பேச்சுவார்த்தை, இங்க உத்தரவு. இது தப்பு. அமெரிக்கா நடைமுறையை மாத்திக்கிச்சு, சட்டத்தைக் கைவிடல. மாத்தினதும் போதாதுன்னு மலேசியா திரும்பப் போய் 2001ல தோத்தது.

ஆக நாம ஜெயிச்சது ஒரே ஒரு விஷயத்தை: 'கேட்டுட்டுச் செய், அவகாசம் கொடு, உதவி பண்ணு.' சின்ன விஷயம் இல்ல அது, நியாயமான விஷயம். என் கேள்வி வேற. அமெரிக்காகிட்ட நாம வாதாடி வாங்கின அந்த மரியாதையை, நம்ம மீனவனுக்கு நாம கொடுத்தோமா?

*

கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம படகுக்கேத்த ஒரு ஆமை விலக்கியை உருவாக்கிச்சு. செய்முறை விளக்கம் நடந்தது. கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் இலவசமாவே கொடுத்தது. ஒடிசாவுல, ஆந்திராவுல கட்டாயம்னு விதியும் வந்தது. ஆனா வலையில மாட்டினவங்க ரொம்பக் கம்மி. 2018ல அமெரிக்கா இந்தியாவுக்குச் சான்றிதழ் தரல, கடல்ல பிடிச்ச நம்ம இறாலுக்கு அந்தக் கதவு சாத்திருச்சு. மறுபடி அமெரிக்க நிபுணர்களோட சேர்ந்து கொச்சிக்காரங்க வடிவத்தை மாத்த உக்காந்தாங்க. இந்தத் தடையால ஏற்றுமதி பெருசா அடிபடாததுக்குக் காரணம், நாம அமெரிக்காவுக்கு அனுப்புற இறால் பெரும்பாலும் ஆந்திரப் பண்ணைகள்ல வளர்த்தது. பண்ணை இறாலுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அடி விழுந்தது கடல்காரனுக்கு மட்டும்.

இலவசமாக் கொடுத்தும் ஏன் மாட்டல? இதுக்குப் பதில் எனக்கு எந்த அறிக்கையிலயும் கிடைச்சதைவிட நல்லா ஒரு டீக்கடையில கிடைச்சது. தாத்தா திதிக்கு அப்பாவோட ராமேஸ்வரம் போயிருந்தேன். திரும்பறப்ப பாம்பன்ல டீ குடிக்க இறங்கினோம். பக்கத்துல விசைப்படகு டிரைவர் ஒருத்தர், அம்பது வயசிருக்கும். பேச்சு வாக்குல ஆமையைப் பத்திக் கேட்டேன்.

"தம்பி, ஆமை செத்தா எங்களுக்கு என்ன லாபம்? வலையைக் கிழிக்கும், இறாலை நசுக்கும், தூக்கிப் போட நாலு ஆளு வேணும், கேஸு வேற. அது வராம இருந்தா சாமி புண்ணியம்."

"அப்ப அந்தக் கம்பிக் கதவை மாட்டலாமேண்ணே?"

"கதவு வழியா ஆமை மட்டுமா போகும்? திருக்கை போகும், பெரிய மீனு போகும். டீசலுக்கே பத்தாத அன்னைக்கு அந்தத் திருக்கைதான் எங்களுக்குப் பங்கு. அதுக்கு யாரு காசு கொடுப்பா? சொன்னவுக யாராவது அதைச் சொன்னாகளா?"

சட்டுனு புரிஞ்சுது. அமெரிக்க விதிப்படி கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல கூடாது. ஜார்ஜியாக்காரருக்கு இறால் மட்டுந்தான் காசு, மத்ததெல்லாம் குப்பை, வெளிய போனா சந்தோஷம். நம்ம வலையில குப்பைன்னு ஒண்ணு கிடையாது. இறால் ஏற்றுமதிக்கு, பெரிய மீன் மார்க்கெட்டுக்கு, பொடி மீன் கருவாட்டுக்கு, அதுக்கும் கீழ இருக்கிற கழிசல் கோழித் தீவனத்துக்கு. நாம ராத்திரி பத்து மணிக்கு ரசிச்சுச் சாப்பிடுற முட்டைப் புரோட்டாவுல கூடக் கடலடியிலிருந்து வாரினது கொஞ்சம் இருக்கலாம். ஒரே பொருளை மட்டும் தேடுற வலைக்குச் செஞ்ச கதவை, எல்லாத்தையும் வித்துப் பிழைக்கிற வலையில வச்சா, நஷ்டக் கணக்கு வேற மாதிரி வரும். எங்க பாஷையில சொன்னா, யாரோட தேவையையும் கேட்காம எழுதின மென்பொருள். ஓசியில கொடுத்தாலும் யூசர் தொடமாட்டான். தொடலைன்னு யூசரைத் திட்டிப் பிரயோசனம் இல்ல.

இதனால ஆமை செத்தாச் செத்துட்டுப் போகட்டும்னு நான் சொல்ல வரல. நீலாங்கரையில பார்த்த அந்தக் கண்ணு இன்னும் மறக்கல. மூணு மைல் விதியை மீறுற படகுக்கு அபராதம் போடத்தான் வேணும், அதுல மீனவன் பாவம்னு பேச்சே கூடாது, ஏன்னா அங்க நஷ்டப்படுறது சின்ன வள்ளத்துக்காரனும்தான். ஆனா கதவு விஷயம் வேற. கதவு வழியா போற மீனுக்கு, ஆமை கூடுற அந்த மூணு மாசமாவது, ஈட்டுத்தொகை கொடுக்கணும். எத்தனை அங்குலம், எந்தச் சாய்வுன்னு முடிவு பண்ற மேசையில வலை இழுக்கிறவனும் உக்காரணும். 1998ல ஜெனீவாவுல நாம கேட்டது அதைத்தானே?

கிளம்பறப்ப அவரே இன்னொண்ணும் சொன்னாரு. "செத்த மாதிரி கிடக்கும் தம்பி, ஆனா செத்திருக்காது. உடனே கடல்ல போட்டா மூழ்கிச் செத்துரும். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் சாய்ச்சு வச்சு, நிழல்ல ஈரச் சாக்கைப் போட்டு விட்டம்னா, தண்ணி வடிஞ்சு சில நேரம் கண்ணு முழிச்சுக்கும். அப்புறம் விடணும்." வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உலகம் முழுக்க மீனவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வழிமுறையும் அச்சு அசல் அதேதான். அவருக்கு அதை எந்த அமீனாவும் வந்து சொல்லல.

மதுரைக்குத் திரும்புற பஸ்ல அப்பா கேட்டாரு, "ஏன்டா, அவருகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேச்சு?" சொன்னேன். கொஞ்ச நேரம் வெளிய பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "உங்க தாத்தா அன்னைக்கு ஆமையைத் துண்டுல சுருட்டிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா? அவரு போட்டிருந்த ஒரே நல்ல துண்டுடா அது. அப்பத்தா அதைத் திரும்ப வீட்டுக்குள்ள சேர்க்கவே இல்ல. ஆமையைக் காப்பாத்தினதுல துண்டு போச்சுன்னு ரெண்டு மாசம் சொல்லிக்கிட்டே திரிஞ்சாரு"ன்னாரு.

அவ்வளவுதான் விஷயம். ஆமையை விடச் சொல்றது சுலபம். துண்டுக்கு யாரு காசு கொடுக்கிறதுன்னு பேசித் தீர்க்கணும்.

டிஸ்கி: அப்பத்தாவுக்கு இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அதான் அப்பவே சொன்னேன், ரெண்டும் புகுந்தா உருப்படாதுன்னு"ன்னு எந்திரிச்சுப் போயிருச்சு :-)